பொது நேர சர்வரின் ஸ்திரத்தன்மை: ஓர் ஆராய்ச்சி

இணையத்தில் சேர்ந்திருக்கும் இயந்திரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தைக் காட்டவேண்டும் என்பது இன்று வெறும் வசதியைப் பற்றிய விஷயமன்று. வங்கிக் கணக்கில் வரவு முந்தியதா, செலவு முந்தியதா என்ற வழக்கும், இணையதளத்தின் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா என்ற தீர்ப்பும், அந்நியர் புகுந்த கணினியில் எந்தச் சம்பவம் எதற்குப் பின் நிகழ்ந்தது என்ற விசாரணையும் அந்த ஒருமைப்பாட்டையே ஆதாரமாகக் கொண்டிருக்கின்றன. அந்த ஒருமைப்பாட்டை உலகுக்கு வழங்குபவை, கேட்பவர் எவராயினும் கட்டணமின்றி நேரம் சொல்லும் பொது நேர சர்வர்கள். அத்தகைய சர்வர் ஒன்றை நிறுவுவது சுலபம். சாதாரணக் கணினியும், நிலையான இணைய இணைப்பும், இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளும் இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்துவிடும். ஆனால் அதைப் பல்லாண்டுகள் தடுமாறாமல் நடத்துவதற்கு எது இன்றியமையாதது என்னும் கேள்விக்கு, இத்துறை தோன்றி நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும், ஒன்றுக்கொன்று வேறுபட்ட விடைகள் வழங்கிவருகின்றன. அவ்விடைகளை ஒவ்வொன்றாக எடுத்து, நடந்த சம்பவங்களைப் பிரமாணமாக வைத்துச் சீர்தூக்கி, அவற்றுள் பிரதானமானது எது என்று நிச்சயிக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூர்வ சரித்திரம்

பொது நேரம் என்ற கருத்து கணினியோடு பிறந்ததன்று. சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1802-ல் நிலைநாட்டிய மதராஸ் நேரம், கிரீனிச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிஷம் 14 வினாடி முந்தியதாகக் கொள்ளப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தந்திக் கம்பிகளின் உதவியால் இந்திய ரயில்வேக்களின் பொது நேரமாக விளங்கியது. 1906 ஜனவரி 1-ஆம் தேதி இந்தியப் பொது நேரம் வந்து அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. ஓரிடத்தில் கணித்த நேரம் தொலைவிலுள்ளோர் அனைவருக்கும் பிரமாணமாகும்போது, கணித்தவரின் திறமை மட்டுமன்றி, அதைத் தவறாமல் நாள்தோறும் அனுப்பிவைக்கும் ஸ்தாபனத்தின் நிலைபேறும் சேர்ந்தே அந்த அதிகாரத்தைத் தருகிறது என்ற உண்மை அக்காலத்திலேயே விளங்கிவிட்டது.

கணினிகளுக்கு அதே பணியைச் செய்யும் முறையை அமெரிக்காவின் டெலாவேர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டேவிட் மில்ஸ் வகுத்தார். என்.டி.பி. என்று வழங்கும் அம்முறையின் முதல் விவரணம் 1985-லும், இன்று பெரும்பாலும் கைக்கொள்ளப்படும் நான்காம் பதிப்பின் விவரணம் 2010-லும் வெளியாயின. 2024 ஜனவரியில் காலமாகும்வரை அவருடைய பெயரும் இத்துறையும் பிரிக்க முடியாதவையாகவே இருந்தன. கேட்கும் கணினி தான் கேள்வியை அனுப்பிய நேரத்தைக் குறிக்கிறது. சர்வர் அது வந்து சேர்ந்த நேரத்தையும் தான் விடை அனுப்பிய நேரத்தையும் குறிக்கிறது. விடை திரும்பி வந்த நேரத்தைக் கேட்டவர் குறிக்கிறார். இந்த நான்கு நேர முத்திரைகளிலிருந்து பயணத்துக்குச் செலவான காலமும், இரு கடிகாரங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசமும் எளிய கணக்கால் வெளிப்படுகின்றன. போகும் வழியும் வரும் வழியும் சமமான காலம் எடுத்துக்கொள்கின்றன என்ற ஓர் அனுமானம் மட்டும் இதில் மறைந்திருக்கிறது. போக 40 மில்லி வினாடியும் வர 10 மில்லி வினாடியும் ஆனால், எவ்வளவு சிறந்த சர்வராயினும் கேட்டவருக்கு 15 மில்லி வினாடி பிழை நேர்ந்தே தீரும். சர்வரின் கடிகாரத்தைச் சீராக்கிவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுவது இதனால்தான் முழு உண்மையாவதில்லை.

கடிகாரமே பிரதானம் என்னும் கொள்கை

ஆயினும் முதற்கொள்கையினர் கடிகாரத்திலிருந்தே தொடங்குகின்றனர். அவர்கள் கூற்றில் நியாயமும் இருக்கிறது. சீசியம் அணுக் கடிகாரம், ஜி.பி.எஸ். ஏற்பி போன்ற மூலங்களோடு நேராக இணைந்த சர்வர் முதற்படியைச் சேர்ந்தது. அதனிடம் கேட்டறிந்து பிறருக்குச் சொல்வது இரண்டாம் படி. இவ்வாறு பதினைந்து படிகள் வரை உண்டு. இன்று ஒரு சாதாரண ஜி.பி.எஸ். ஏற்பியும், அது வினாடிக்கு ஒருமுறை எழுப்பும் துடிப்பைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் ஒரு கம்பியும் இருந்தால், மைக்ரோ வினாடிக் கணக்கிலான துல்லியத்தோடு முதற்படி சர்வரை எவரும் நடத்தலாம்.

இடர்ப்பாடு அந்த மூலம் மறையும்போது தெரியவருகிறது. கணினிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலே ஒரு நாளில் 86.4 மில்லி வினாடி விலகிவிடும். மலிவான படிகங்கள் அதைவிடப் பல மடங்கு பிழைப்பவை. அறையின் வெப்பம் ஏறி இறங்கும்போதும், செயலியின் வேலைப்பளு மாறும்போதும் அவற்றின் வேகமும் மாறும். ஆதலால், ஸ்திரமான சர்வரை விரும்புவோர் அதைக் காற்றோட்டம் திடீரென்று மாறாத இடத்தில் வைப்பதும், ஒரே இயந்திரத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் மெய்நிகர்க் கணினிகளை இயன்றவரை தவிர்ப்பதும், மூலம் மறைந்தாலும் வேகம் மாறாதிருக்க வெப்பநிலை காக்கப்பட்ட படிகத்தையோ ரூபிடியம் கடிகாரத்தையோ துணைக்கொள்வதும் வழக்கம்.

ஆனால் செயற்கைக்கோளும் தவறும் என்பதைச் சரித்திரம் காட்டியிருக்கிறது. 2016 ஜனவரி 26-ஆம் தேதி, பழைய கோள் ஒன்று சேவையிலிருந்து நீக்கப்பட்டபோது நேர்ந்த பிசகால், பல ஜி.பி.எஸ். கோள்கள் ஏறத்தாழ 13 மைக்ரோ வினாடி பிழையான நேரத்தைச் சில மணி நேரம் ஒலிபரப்பின. அவ்வளவு சிறிய பிழை சாதாரண இணையக் கணினிகளைப் பாதிக்கவில்லை. அதைவிட அபாயமானது ஜி.பி.எஸ். முறையில் வாரங்களை எண்ணும் எண் 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்புவது. 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அவ்வாறு திரும்பியது. அதைச் சரிவரக் கவனியாத ஏற்பியோ மென்பொருளோ, வினாடியை நுட்பமாகக் காட்டிக்கொண்டே ஏறத்தாழ இருபது ஆண்டு பின்னோக்கிய தேதியைச் சொல்லத் துணியும். வினாடியின் நுட்பத்தில் சிறந்து ஆண்டில் பிழைக்கும் கடிகாரம், நுட்பம் குறைந்ததைவிடக் கொடியது. ஏனெனில் அதன் சொல்லைச் சந்தேகிக்க எவரும் முன்வருவதில்லை.

பன்மையே காப்பு என்னும் கொள்கை

இதனால் எழுந்ததே இரண்டாம் கொள்கை. எந்தத் தனிக் கடிகாரத்தையும் நம்பலாகாது. பல கடிகாரங்களைக் கேட்டு, அவற்றுள் ஒத்துப்போகும் பெரும்பான்மையைக் கண்டறிந்து, விலகி நிற்கும் பொய்க் கடிகாரங்களை ஒதுக்கவேண்டும் என்பது இக்கொள்கையின் சாரம். கீத் மார்சுல்லோ என்னும் அறிஞர் 1984-ல் எழுதிய ஆராய்ச்சியில் இதற்கான கணித வழி பிறந்தது. மில்ஸ் அதைத் திருத்தித் தம் முறையில் சேர்த்துக்கொண்டார். இரண்டு கடிகாரங்கள் முரண்பட்டால் எது மெய் என்று தீர்மானிக்க வழியில்லை. மூன்று இருந்தால் ஒன்றின் பொய்யைக் கண்டுகொள்ளலாம். மூன்றில் ஒன்று மௌனமாகிவிட்டாலும் தீர்ப்புச் சொல்ல முடியவேண்டுமென்றால் நான்காவது அவசியம். பொது சர்வரை நடத்துபவர் குறைந்தபட்சம் நான்கு மூலங்களை, அதுவும் வெவ்வேறு ஸ்தாபனங்களையும் வெவ்வேறு வலைப்பாதைகளையும் சேர்ந்தவற்றை, கையால் தேர்ந்தெடுத்து அமைக்கவேண்டும் என்ற வழக்கம் இதிலிருந்து தோன்றியது.

இக்கொள்கையின் அருமையை 2012 நவம்பர் 19-ஆம் தேதி உலகம் உணர்ந்தது. அமெரிக்கக் கடற்படை வானாராய்ச்சி நிலையத்தின் டிக், டாக் என்ற புகழ்பெற்ற இரு முதற்படி சர்வர்கள் அன்று சிறிது நேரம் 2000-ஆம் ஆண்டை அறிவித்தன. பல மூலங்களைக் கேட்டுக்கொண்டிருந்த கணினிகள் அந்தச் சொல்லைப் புறக்கணித்துத் தம் வழியே சென்றன. அவ்விரண்டையே சார்ந்திருந்த அலுவலக வலைகளோ பன்னிரண்டு ஆண்டு பின்னே சென்று, பயனாளிகளின் அனுமதிகளையெல்லாம் மறுத்துத் தத்தளித்தன. மிக உயர்ந்த ஸ்தாபனமும் தவறக்கூடும் என்பதும், அத்தவறு விபத்தாக முடிவதும் முடியாததும் கேட்பவர் கையிலேயே பாதி இருக்கிறது என்பதும் அன்று பிரத்தியட்சமாயின.

லீப் வினாடியும் இவ்விடத்தில் கருதத்தக்கது. பூமியின் சுழற்சிக்கு இணங்க 1972 முதல் 2016 இறுதி வரை 27 வினாடிகள் உலக நேரத்தில் செருகப்பட்டன. 2012 ஜூன் இறுதியில் செருகிய வினாடி லினக்ஸ் கணினிகள் பலவற்றை முடக்கிற்று. கூகிள் போன்ற நிறுவனங்கள் அந்த வினாடியை ஒரு நாள் முழுதும் சிறுகச் சிறுகக் கரைத்துவிடும் வழியைக் கையாண்டன. அவ்வழி தன்னளவில் அறிவுடையதே. ஆயினும் கரைக்கும் சர்வரையும் கரைக்காத சர்வரையும் ஒரே கணினி கலந்து கேட்டால், மெய்யான இரு மூலங்களே ஒன்றையொன்று பொய்யாக்கிவிடும். பன்மை நன்மை தருவது, பலரும் ஒரே நெறியைக் கடைப்பிடிக்கும்போது மட்டுமே. 2035-க்குள் இவ்வேற்பாட்டை மாற்றி, லீப் வினாடியை நெடுங்காலத்துக்கு ஒத்திப்போட 2022-ல் கூடிய எடைகள் அளவுகள் பற்றிய சர்வதேச மகாநாடு தீர்மானித்திருப்பதால் இத்தொல்லை விரைவில் தணியும் என்று எதிர்பார்க்கலாம்.

வலையும் பாதுகாப்பும்

மூன்றாம் கொள்கையினர் கடிகாரத்தை விட்டு வலையைப் பார்க்கச் சொல்லுகின்றனர். என்.டி.பி. கேள்வி மிகச் சிறியது. செய்தி 48 பைட்டு. உறைகளெல்லாம் சேர்ந்து ஈதர்நெட் கம்பியில் சுமார் 90 பைட்டு. வினாடிக்கு ஆயிரம் கேள்விகள் வந்தாலும் அது ஒரு மெகாபிட்டுக்கும் குறைவான போக்குவரத்தே. ஆகையால் சர்வரின் வேகம் பெரும்பாலும் குறுக்கே நிற்பதில்லை; முன்னே நிற்கும் காவற்சாதனமே இடறுகிறது. ஒவ்வொரு பரிமாற்றத்தையும் நினைவில் பதிந்துவைக்கும் ஃபயர்வால், விடை போன பின்னும் அப்பதிவை 30 வினாடி வைத்திருக்குமானால், வினாடிக்குப் பத்தாயிரம் கேள்விகளுக்கு மூன்று லட்சம் பதிவுகள் சேர்ந்துவிடும். பட்டியல் நிரம்பியதும் நேரக் கேள்வி மட்டுமன்றி அவ்வழியே செல்லும் மற்றெல்லாப் போக்குவரத்தும் நின்றுவிடும். வீட்டு ரவுட்டருக்குப் பின்னே பொது சர்வரை வைப்பவர் பலர் தோல்வியுற்றதன் காரணம் இதுவே. நேரக் கேள்விகள் வரும் 123-ஆம் போர்ட்டுக்குப் பதிவு வைக்கும் வழக்கத்தை நீக்கிவிடுவது எளிய பரிகாரம்.

பாதுகாப்பைப் பற்றிய பெரும் பாடம் 2013 இறுதியிலும் 2014 தொடக்கத்திலும் கிடைத்தது. பழைய என்.டி.பி. மென்பொருளில், அண்மையில் கேட்டவர்களுள் அறுநூறு பேர் வரையிலான முகவரிகளைப் பட்டியலிட்டுத் தரும் ஒரு கட்டளை இருந்தது. நிர்வாகிகளின் சௌகரியத்துக்காக ஏற்பட்ட அந்தச் சிறு கேள்வியைப் பிறருடைய முகவரியைப் பொய்யாகக் காட்டி அனுப்பினால், அதைப்போல் ஐந்நூறு மடங்குக்கு மேற்பட்ட விடை அந்த நிரபராதியின் தலையில் விழும். 2014 பிப்ரவரியில் இவ்வழியே நடந்த ஒரு தாக்குதல் வினாடிக்கு ஏறத்தாழ 400 கிகாபிட் அளவை எட்டியது. தாக்கியவர் சிலர், ஆயுதமாகப் பயன்பட்டவையோ கவனிப்பாரின்றிக் கிடந்த ஆயிரக்கணக்கான நேர சர்வர்கள். அக்கட்டளை பின்னர் நீக்கப்பட்டது. நேரத்தைத் தவிர வேறெந்தக் கேள்விக்கும் வெளியாருக்கு விடை சொல்லலாகாது, மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்ற இரு விதிகளும் அன்று முதல் மாறா விதிகளாயின. சொந்தக் கடிகாரம் நடுங்காமல் பிறருக்குத் தீங்கு செய்யும் சர்வரை ஸ்திரமானது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

கேட்பவரின் ஒழுக்கம்

இம்மூன்று கொள்கைகளும் சர்வரையே நோக்குகின்றன. சர்வர்களை வீழ்த்திய சம்பவங்களைத் தொகுத்துப் பார்ப்பவர்க்கோ, கேடு பெரும்பாலும் கேட்பவர் பக்கத்திலிருந்து வந்திருப்பது புலப்படும்.

2003 மே மாதத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மாடிசன் பல்கலைக்கழகத்து நேர சர்வரை நோக்கிப் பெருவெள்ளம் போல் கேள்விகள் வரத் தொடங்கி, அடுத்த மாதத்தில் வினாடிக்கு இரண்டரை லட்சம் பாக்கெட்டுகளாக, 150 மெகாபிட் அளவுக்கு உயர்ந்தன. ஆராய்ந்தபோது, நெட்கியர் நிறுவனத்தின் வீட்டு ரவுட்டர்களில் அச்சர்வரின் முகவரி எண் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டிருந்ததும், விடை கிடைக்காதபோது அவை வினாடிக்கு ஒருமுறை விடாமல் கேட்கும்படி எழுதப்பட்டிருந்ததும் வெளியாயின. பல லட்சம் வீடுகளில் கவனிப்பாரின்றி இயங்கும் பெட்டிகளைத் திரும்பப் பெறுவது சாத்தியமில்லை. நிறுவனம் தவறை ஏற்றுப் பல்கலைக்கழகத்துக்கு 3,75,000 டாலர் வழங்கியது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் தேசிய அளவீட்டு ஆய்வகம் வேறொரு நிறுவனத்தின் ரவுட்டர்களால் இதே துன்பத்துக்கு ஆளாகித் தன் சர்வர்களைப் பொதுமக்களுக்கு மூடிவிட்டது. டென்மார்க்கில் பவுல்-ஹென்னிங் காம்ப் என்னும் நிரலாளர், தம் நாட்டு இணையச் சேவையாளர்களுக்கென்று மட்டும் நடத்திய முதற்படி சர்வரை டி-லிங்க் நிறுவனம் அனுமதியின்றித் தன் சாதனங்களில் சேர்த்துவிட, 2006-ல் பகிரங்கக் கடிதம் எழுதிய பின்னரே சமாதானம் பெற்றார். 2016 டிசம்பரில் ஸ்னாப்சாட் செயலியின் ஒரு புதிய பதிப்பு உலகெங்கும் தொண்டர் சர்வர்கள் மீது திடீர்ப் பாரத்தை ஏற்றியது.

கோடைக்காலத்தில் வழியோரம் தண்ணீர்ப் பந்தல் வைப்பவர், மழை வந்ததும் பந்தலைப் பிரித்துவிட்டால், தாகத்தோடு வந்தவர் வெறும் இடத்தைக் கண்டு அடுத்த ஊரை நோக்கி நடப்பார். நேர சர்வரின் முகவரி எண்ணை நெஞ்சில் பதித்துக்கொண்ட இயந்திரமோ, அவ்விடம் வெறுமையானது என்பதை ஒருநாளும் அறியாமல், முன்னிலும் விரைவாகக் கேட்டுக்கொண்டே நிற்கும். ஜப்பானின் ஃபுகுவோகா பல்கலைக்கழகம் 1993-ல் தொடங்கிய பொது நேர சேவைக்கு இதுவே நேர்ந்தது. அதன் எண் எண்ணற்ற சாதனங்களில் பதிந்துபோனபடியால், முடித்துக்கொள்ள விரும்பியும் எளிதில் முடிக்க இயலாத சேவையாக அது ஆகிவிட்டது. கேட்பவர்களை அடக்குவதற்கென்று முறையிலேயே 'குறைத்துக் கேள்' என்னும் செய்தி ஒன்று உண்டு. ஆனால் ஒழுங்கான நிரல்கள் அதை மதிக்கின்றன, ஒழுங்கற்றவை படிப்பதேயில்லை என்பதால், அதன் பயன் மிகத் தேவையான இடத்தில் மிகக் குறைவு.

சாதனம் செய்வோரின் கர்த்தவ்யங்கள் இதிலிருந்து தெளிவாகின்றன: எண்ணைப் பதிக்காமல் பெயரைப் பதித்தல், அப்பெயர் தம் நிறுவனத்துக்கே உரியதாக, பின்னர் வேறு திசைக்குத் திருப்பக்கூடியதாக இருத்தல், விடை வராதபோது இடைவெளியைப் பெருக்கிக்கொண்டே போதல், எல்லா இயந்திரங்களும் மணி அடித்தவுடன் ஒருங்கே கேளாதபடி கேட்கும் கணத்தைச் சிதறவைத்தல். இவற்றுள் ஒன்றேனும் செலவு மிக்கதன்று; அலட்சியத்தைத் தவிர வேறு தடையுமில்லை.

வாக்குறுதியும் சங்கமும்

விஸ்கான்சின் சம்பவத்துக்குச் சில மாதம் முன்பே, 2003 ஜனவரியில், அட்ரியன் ஃபான் பிடர் என்பவர் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். ஒரே பெயரைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு சர்வர்களின் முகவரிகளைத் தரும் என்.டி.பி. பூல் அது. 2005 முதல் ஆஸ்க் பியோர்ன் ஹான்சன் அதை நடத்திவருகிறார். தனியாரும், கல்லூரிகளும், சிறு நிறுவனங்களும் தந்த சில ஆயிரம் சர்வர்கள் அதில் சேர்ந்து உலகெங்கும் நேரம் வழங்குகின்றன. கண்காணிப்பு நிலையங்கள் ஒவ்வொரு சர்வரையும் அடிக்கடி கேட்டு மதிப்பெண் இடுகின்றன. உச்சம் 20. மதிப்பெண் 10-க்குக் கீழே இறங்கினால் அச்சர்வரின் பெயர் தற்காலிகமாகப் பட்டியலிலிருந்து விலகி, சீரானபின் தானே திரும்பச் சேர்கிறது. தனியொரு சர்வர் தவறாதிருக்கவேண்டிய நிர்ப்பந்தத்தை இவ்வேற்பாடு நீக்கிவிட்டது. தவறும்போது மறைவின்றித் தவறுவதே இங்கே போதுமான ஒழுக்கம்.

ஆயினும் பூலில் சேர்பவரிடம் ஒரு விரதம் எதிர்பார்க்கப்படுகிறது. மாறாத ஐ.பி. முகவரி வேண்டும், நீண்ட காலம் நடத்தும் சங்கல்பம் வேண்டும், ஏனெனில், பெயரை ஒருமுறை கேட்டு எண்ணைப் பிடித்துக்கொண்ட கணினிகள், பட்டியலிலிருந்து விலகிய பின்னும் மாதக் கணக்கில் வந்துகொண்டே இருக்கும். முதலில் சிறிய பங்கை ஏற்று, பாரத்தைக் கவனித்து, மெல்ல உயர்த்துவதே விவேகம். சர்வர்கள் குறைந்த நாடுகளில் சேரும் புதியவர் மீது அந்நாட்டின் பாரமெல்லாம் ஒருங்கே இறங்கும். அதைத் தாளாமல் அவர் விலகினால், எஞ்சியவர் மீது மேலும் இறங்கும். அந்தச் சுழலை உடைப்பதற்கு வலிமை மிக்க ஒருவரைவிட எளிய பலர் ஏககாலத்தில் சேருவதே பயன் தரும்.

அரசாங்கம் இப்பொறுப்பை ஏற்கலாகாதா என்று கேட்பது இயல்பு. நம் நாட்டில் புது டில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் இந்தியப் பொது நேரத்தைக் காத்து வழங்குகிறது. நிறுவனங்கள் அதனுடனோ தேசிய தகவலியல் மையத்தின் சர்வர்களுடனோ, அவற்றோடு இணங்கும் மூலங்களுடனோ தம் கணினிகளின் கடிகாரங்களைப் பொருத்தவேண்டும் என்று, கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி கட்டளையிட்டது. சட்டப் பிரமாணம் வேண்டிய இடத்தில் இது இன்றியமையாதது. ஆனால் கடற்படை நிலையத்துக்கு நேர்ந்தது எந்த அரசாங்கத்துக்கும் நேரலாம் என்பதால், அரசின் சர்வரும் நான்கில் ஒன்றாக நிற்பதே நாட்டுக்கும் நல்லது. பெரிய நிறுவனங்கள் தரும் இலவச சர்வர்களைப் பற்றியும் இதே தீர்ப்பே பொருந்தும்.

முடிவு

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால், கடிகாரத்தின் நுட்பம், மூலங்களின் பன்மை, வலையின் காவல் என்ற மூன்றும் பெரும்பாலும் தீர்வு கண்ட பிரச்னைகள் என்றும், தீராது நிற்பது மனிதர் தம் வாக்கைக் காக்கும் பிரச்னையே என்றும் சொல்லவேண்டியிருக்கிறது. புதிய சோதனைகளும் வருகின்றன: விடை மெய்யான சர்வரிடமிருந்தே வந்தது என்பதை நிரூபிக்க 2020-ல் வகுக்கப்பட்ட என்.டி.எஸ். முறை பரவவேண்டும்; 1900-ஆம் ஆண்டிலிருந்து வினாடிகளை எண்ணும் என்.டி.பி. எண் 2036 பிப்ரவரி 7-ஆம் தேதி நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்புவதால், இன்று விற்கும் சாதனங்கள் அந்நாளைக் கடக்கும்படி இப்போதே செய்யப்படவேண்டும். இவ்விரண்டும் கணிதத்தில் கடினமானவையல்ல. ஆனால் விற்றபின் மறந்துவிடும் பழக்கம் நீடிக்கும்வரை இரண்டும் அபாயமானவை.

ஆகவே பொது நேர சர்வர் நடத்த விரும்புவோர் விலை உயர்ந்த கடிகாரத்தைத் தேடுமுன், தமக்குப்பின் அதைக் கவனிப்பவர் யார், நிறுத்தவேண்டி வந்தால் எத்தனை மாதம் முன்னதாக அறிவித்து எவ்வாறு நிறுத்துவது என்ற இரு கேள்விகளுக்கும் விடை எழுதிவைக்கவேண்டும். அவ்விடையை எழுதக்கூடிய கல்லூரியும் நூலகமும் சிறு நிறுவனமும், இரண்டாம் படியில் ஓர் எளிய சர்வரை வைத்தாலும் போதும், உலகின் பொது நேரத்துக்குத் தம் பங்கைச் செலுத்தியதாகும். நம் நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் நிலையான முகவரியும் நாள் முழுதும் அணையாத இணைப்பும் உள்ளவை இருக்கின்றன. மாணவர்க்குப் பயிற்சியும் நாட்டுக்குச் சேவையுமாக அமையக்கூடிய இப்பணியை அவை தனிமனித உற்சாகத்தை நம்பாமல், துறையின் நிரந்தரக் கடமையாக ஏற்று நடத்த முன்வரவேண்டும்.